சாப்பிட்ட சோறு எங்கே போகிறது?

மதியம் ஒரு தட்டுச் சோறு சாப்பிடுகிறோம். அந்தச் சோறு கடைசியில் எந்த வழியாக உடலை விட்டுப் போகிறது? யாரைக் கேட்டாலும் கழிப்பறையைத்தான் சொல்வார்கள். ஆனால் சோற்றில் உள்ள மாவுச்சத்தில் மிகப் பெரும்பகுதி மலத்தில் போவதே இல்லை. அது மூச்சுக்காற்றில் கலந்து மூக்கு வழியாக வெளியேறுகிறது.

முதல்முறை கேட்கும்போது இதை நம்புவது கஷ்டம். பள்ளிக்கூடத்தில் செரிமான மண்டலம் ஒரு பாடம், சுவாச மண்டலம் வேறொரு பாடம். ஒன்றில் இரைப்பையும் குடலும் வரைந்து பாகம் குறிக்கிறோம், இன்னொன்றில் நுரையீரலை வரைகிறோம். இரண்டுக்கும் தனித்தனியாக மதிப்பெண் வாங்கிவிட்டு, இரண்டும் எதற்காக ஒரே உடலுக்குள் இருக்கின்றன என்று கேட்காமலே வெளியே வந்துவிடுகிறோம். என்னைக் கேட்டால், இரண்டையும் ஒரே பாடமாகச் சொல்லித்தர வேண்டும். ஒரு பிடி சோற்றின் பின்னாலேயே போய்ப் பார்த்தால் ஏன் என்று புரியும்.

வாயிலிருந்து தொடங்குவோம். சோற்றை விழுங்காமல் ஒரு நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் லேசாக இனிக்கும். உமிழ்நீரில் அமிலேஸ் என்ற நொதி இருக்கிறது. மாவுச்சத்து என்பது குளுக்கோஸ் மூலக்கூறுகள் நீளமாகக் கோத்த சங்கிலி. அமிலேஸ் அந்தச் சங்கிலியை நறுக்கத் தொடங்கும்போது சிறு சர்க்கரைத் துண்டுகள் உண்டாகின்றன, நாக்குக்கு இனிப்பு தெரிகிறது. ஒரு நாளைக்கு ஒரு லிட்டர், ஒன்றரை லிட்டர் உமிழ்நீர் சுரக்கிறது. நாம் மென்று தின்னும் வேகத்தில் அமிலேஸுக்கு இங்கே அதிக நேரம் கிடைப்பதில்லை. மாவுச்சத்தை உடைக்கும் பெரிய வேலை பின்னால் சிறுகுடலில்தான் நடக்கும்.

தொண்டையில் ஒரு குறுக்குச் சந்து

அடுத்த இடம் தொண்டை. செரிமானமும் சுவாசமும் முதலில் சந்திக்கும் இடம் இதுதான், கொஞ்சம் ஆபத்தான இடமும்கூட. மூக்கிலிருந்து வரும் காற்றுக்கும் வாயிலிருந்து வரும் சோற்றுக்கும் இங்கே பொது வழி. அதற்குக் கீழே வழி இரண்டாகப் பிரிகிறது. முன்பக்கம் மூச்சுக்குழாய், அதன் பின்னால் முதுகெலும்பை ஒட்டி உணவுக்குழாய். மூக்கு மேலே, வாய் கீழே. ஆனால் தொண்டைக்குக் கீழே காற்று முன்னால் போக வேண்டும், சோறு பின்னால் போக வேண்டும். அதாவது இரண்டும் ஒன்றையொன்று குறுக்கே கடந்துதான் ஆக வேண்டும்.

கழுத்தின் முன்பக்கம், குரல்வளை மேல் விரலை வைத்துக்கொண்டு எச்சிலை விழுங்கிப் பாருங்கள். குரல்வளை மேலே ஏறி இறங்குவது தெரியும். ஏறக்குறைய ஒரு விநாடிக்குள் நான்கு காரியங்கள் நடக்கின்றன. அண்ணத்தின் பின்பகுதி உயர்ந்து மூக்குக்குப் போகும் வழியை மூடுகிறது. குரல்வளை மேலேறி நாக்கின் அடிக்குப் போகிறது. குரல்வளை மூடி என்ற குருத்தெலும்பு மடல் அதன்மேல் கவிகிறது. குரல் நாண்களும் இறுக மூடிக்கொள்கின்றன. அந்த ஒரு விநாடி மூச்சு நின்றுவிடும். விழுங்கிக்கொண்டே மூச்சிழுக்க முயன்று பாருங்கள், முடியாது. மூளையின் அடித்தண்டு அதற்கு அனுமதி தருவதில்லை.

இந்த ஒழுங்கு எப்போதாவது தவறுகிறது. வாயில் சோற்றை வைத்துக்கொண்டு சிரிக்கிறோம், பேசுகிறோம். விழுங்க வேண்டிய நேரத்தில் மூச்சை இழுத்துவிடுகிறோம். ஒரு பருக்கை தவறி முன்பக்கம் நுழைகிறது. புரையேறுகிறது. நம் வீடுகளில் உடனே உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்பார்கள். அந்த அன்பு இருக்கட்டும். ஆனால் பருக்கையை வெளியேற்றுவது இருமல்தான், தலையில் தட்டுவது அல்ல. இருமுகிறவருக்குக் குரல் வருகிறது, இடையிடையே மூச்சு வாங்க முடிகிறது என்றால் அவரை இருமவிடுங்கள். அந்த நேரத்தில் வாயில் தண்ணீரைப் புகட்டாதீர்கள், அதுவும் தவறான பாதையில் போகக்கூடும்.

இருமவே முடியவில்லை, பேச்சு வரவில்லை, கையால் தொண்டையைப் பிடித்துக்கொள்கிறார், உதடு நீலம் பாய்கிறது என்றால் அது வேறு விஷயம். மூச்சுக்குழாய் முழுக்க அடைபட்டிருக்கிறது. சில நிமிடங்களில் உயிர் போய்விடும். பக்கத்தில் இருப்பவரை 108-ஐ அழைக்கச் சொல்லிவிட்டு, மூச்சு அடைத்தவரை முன்னால் குனிய வைத்து, இரண்டு தோள்பட்டைகளுக்கும் நடுவில் உள்ளங்கையின் அடிப்பகுதியால் 5 முறை பலமாகத் தட்ட வேண்டும். வெளியே வரவில்லையா? பின்னால் நின்று இரண்டு கைகளாலும் அணைத்து, தொப்புளுக்கு மேல், விலா எலும்புக் கூட்டுக்குக் கீழ் ஒரு கையை முஷ்டியாக வைத்து, உள்ளேயும் மேலேயுமாக 5 முறை வேகமாக இழுக்க வேண்டும். அடைப்பு போகும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். வயிற்றை இப்படி அழுத்தும் முறையை அமெரிக்க அறுவை மருத்துவர் ஹென்றி ஹைம்லிக் 1974-ல் முன்வைத்தார். மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் உள்ள உதரவிதானம் என்ற தசை மேலே தள்ளப்பட்டு, நுரையீரலில் மிச்சமிருக்கும் காற்று அடைப்பை வெளியே தள்ளுகிறது. கர்ப்பிணிகளுக்கு வயிற்றுக்குப் பதிலாக மார்பின் நடுவில் அழுத்த வேண்டும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் வயிற்றை அழுத்தவே கூடாது. முன்கையில் குப்புறக் கிடத்தி, தலை தாழ்ந்திருக்கும்படி பிடித்து முதுகில் 5 முறை தட்டுவது, பிறகு மல்லாக்கத் திருப்பி மார்பின் நடுவில் 5 முறை அழுத்துவது என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். வாய்க்குள் கண்ணுக்குத் தெரியாத பொருளை விரல் விட்டுத் துழாவ வேண்டாம், அது இன்னும் உள்ளே போய்விடும்.

நாலைந்து வயதுவரை குழந்தைகளுக்கு முழு வேர்க்கடலை கொடுக்காதீர்கள் என்று குழந்தை மருத்துவர்கள் சொல்வதும் இதனால்தான். மூச்சுக்குழாய் கீழே இரண்டாகப் பிரிகிறது. வலது கிளை இடதைவிட அகலமானது, குட்டையானது, கிட்டத்தட்ட நேர்செங்குத்தாக இறங்குவது. தவறிப்போன கடலை பெரும்பாலும் வலப்பக்கம்தான் விழுகிறது. 1897-ல் ஜெர்மனியின் ஃப்ரைபர்க் நகரில் குஸ்தாவ் கில்லியான் என்ற மருத்துவர், ஒரு விவசாயியின் வலது மூச்சுக்கிளையில் சிக்கிய எலும்புத் துண்டை வாய்வழியாக ஒரு குழாய் விட்டு எடுத்தார். மூச்சுக்குழாயை உள்ளே நோக்கிச் சிகிச்சை செய்யும் முறை அங்கிருந்துதான் வளர்ந்தது.

இரைப்பையும் அல்சர் பயமும்

சரியான பாதையில் போன கவளம் சுமார் 25 சென்டிமீட்டர் உணவுக்குழாயைச் சில விநாடிகளில் கடக்கிறது. சும்மா விழுவதில்லை. குழாயின் தசைகள் மேலிருந்து கீழாக ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கி அதைத் தள்ளுகின்றன. படுத்துக்கொண்டு தண்ணீர் குடித்தாலும் அது வயிற்றுக்குப் போய்ச் சேர்வது இதனால்தான்.

இரைப்பைக்குள் என்ன நடக்கிறது என்பதை முதன்முதலில் நேரடியாகப் பார்த்த கதை சங்கடமானது. 1822 ஜூனில், அமெரிக்காவின் மேக்கினாக் தீவில், விலங்கு ரோமத் தோல் விற்கும் கம்பெனி ஒன்றில் வேலை செய்த அலெக்சிஸ் செயின்ட் மார்ட்டின் என்ற இளைஞரின் வயிற்றில் தவறுதலாகத் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. ராணுவ மருத்துவர் வில்லியம் போமான்ட் சிகிச்சை அளித்தார். செயின்ட் மார்ட்டின் பிழைத்தார். ஆனால் வயிற்றில் விழுந்த துளை மூடவே இல்லை. போமான்ட் பட்டு நூலில் இறைச்சி, ரொட்டித் துண்டுகளைக் கட்டி அந்தத் துளை வழியாக உள்ளே இறக்கி, மணிக்கொருமுறை எடுத்துப் பார்த்தார். இரைப்பை நீரைக் குப்பியில் எடுத்து, வெளியே வைத்தும் அது இறைச்சியைக் கரைக்கிறது என்று காட்டினார். செரிமானம் வெறும் அரைப்பு அல்ல, ஒரு வேதிவினை என்பது இதனால் உறுதியானது. 1833-ல் அவர் அதைப் புத்தகமாக வெளியிட்டார். எழுதப் படிக்கத் தெரியாத ஓர் ஏழைத் தொழிலாளியின் உடலைப் பல வருடங்கள் சோதனைக்கூடமாக வைத்திருந்தது சரியா என்ற கேள்வி இன்றும் மருத்துவ அறம் பேசுகிறவர்கள் மத்தியில் இருக்கிறது. இருக்கத்தான் வேண்டும்.

இரைப்பை நீரில் இருப்பது ஹைட்ரோகுளோரிக் அமிலம். அது கிருமிகளில் பெரும்பாலானவற்றைக் கொல்கிறது. பெப்சின் என்ற நொதி புரதத்தை உடைக்க வழி செய்கிறது. நம் தட்டில் இருந்த பருப்பு இங்கே உடையத் தொடங்கும். சோற்றுக்கு இங்கே பெரிய வேலை இல்லை. அமிலம் பட்டதும் உமிழ்நீர் அமிலேஸ் செயலிழந்துவிடும். சோறு கூழாகக் கடையப்பட்டு, கொஞ்சம் கொஞ்சமாகச் சிறுகுடலுக்கு அனுப்பப்படுகிறது.

இவ்வளவு அமிலம் இரைப்பையையே அரித்துவிடாதா? உள்சுவரில் கெட்டியான சளிப் படலம் இருக்கிறது, அதில் அமிலத்தை முறிக்கும் பைகார்பனேட் கலந்திருக்கிறது. மேல் அடுக்குச் செல்களும் சில நாட்களுக்கொருமுறை புதிதாக மாறிவிடுகின்றன. இந்தப் பாதுகாப்பு உடைந்த இடத்தில்தான் புண் வருகிறது. நம் ஊரில் அல்சர் என்றாலே காரம் தின்றதால் வந்தது, நேரத்துக்குச் சாப்பிடாததால் வந்தது என்போம். டாக்டர்களும் வெகுகாலம் அப்படித்தான் நம்பினார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பேரி மார்ஷல் என்ற இரு மருத்துவர்கள் இரைப்பைச் சளிப் படலத்துக்கு அடியில் ஹெலிகோபாக்டர் பைலோரி என்ற பாக்டீரியா குடியிருப்பதைக் கண்டார்கள். அமிலத்தில் எந்தக் கிருமி வாழும் என்று மற்றவர்கள் ஏற்க மறுத்தார்கள். 1984-ல் மார்ஷல் அந்தப் பாக்டீரியாவை வளர்த்த திரவத்தைத் தானே குடித்தார். சில நாட்களில் வாந்தி, இரைப்பை அழற்சி. இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. இன்று தெரிந்தவரை இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணங்கள் இரண்டு: இந்தப் பாக்டீரியா, அப்புறம் வலி மாத்திரைகளை அடிக்கடி விழுங்குவது. காரம் இருக்கிற புண்ணை எரியவைக்கலாம், ஆனால் புண்ணை உண்டாக்குவது அது அல்ல. வருடக்கணக்கில் ரசம் சாதமும் மோர் சாதமும் மட்டும் தின்று, மூட்டுவலி மாத்திரையை மட்டும் நிறுத்தாமல் இருப்பவர்களைப் பார்க்கும்போது மனசு கேட்பதில்லை. மருத்துவரிடம் போய் அந்தப் பாக்டீரியா இருக்கிறதா என்று சோதித்தால், இருந்தால் ஓரிரு வார ஆன்டிபயாடிக் சிகிச்சையிலேயே பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

ஒரு செல் தடிமனுள்ள சுவர்

சிறுகுடலின் முதல் பகுதியில் இரண்டு சாறுகள் வந்து சேர்கின்றன. கல்லீரல் சுரந்து பித்தப்பை சேமித்துவைத்த பித்தநீர் கொழுப்பைச் சிறு துளிகளாகப் பிரிக்கிறது. கணைய நீர் அமிலத்தை முறிக்கிறது, அதிலிருக்கும் அமிலேஸ் சோற்றின் மாவுச்சத்தை மளமளவென்று நறுக்குகிறது. கடைசி வெட்டு குடலின் உள்சுவரிலேயே நடந்து, சங்கிலி முழுக்கக் குளுக்கோஸாக உதிர்ந்துவிடுகிறது. மாவுச்சத்தாக இருந்தபோது சுவரைத் தாண்ட முடியாது, குளுக்கோஸானால் முடியும். செரிமானம் என்ற பெரிய ஏற்பாடு முழுவதும் இந்த ஒரு காரியத்துக்காகத்தான்.

சிறுகுடலின் உட்புறத்தைத் தொட்டுப் பார்க்க முடிந்தால் டர்க்கி டவல் மாதிரி இருக்கும். மில்லிமீட்டருக்கும் குறைவான உயரத்தில் லட்சக்கணக்கான விரல் போன்ற நீட்சிகள். குடலுறிஞ்சிகள் என்று பாடப்புத்தகம் சொல்லும். ஒவ்வொரு உறிஞ்சியின் மேலும் உள்ள செல்களில் இன்னும் நுண்ணிய நீட்சிகள். எல்லாவற்றையும் விரித்தால் ஒரு டென்னிஸ் மைதானம் அளவு வரும் என்று வெகுகாலம் எழுதிவந்தார்கள். 2014-ல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இருவர் மறுபடி அளந்து, சுமார் 30 சதுர மீட்டர்தான் என்று திருத்தினார்கள். அதுவும் குறைவில்லை, ஒரு நல்ல கூடத்தின் அளவு. இந்தப் பரப்பு முழுவதும் ஒரே ஒரு செல் அடுக்குதான் சோற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் நிற்கிறது.

குளுக்கோஸ் இந்தச் செல் அடுக்கைத் தாண்டும் விதத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், லட்சக்கணக்கான குழந்தைகளின் உயிர் அதில் அடங்கியிருக்கிறது. செல்லின் சுவரில் உள்ள ஒரு புரதம் குளுக்கோஸையும் சோடியத்தையும் சேர்த்துத்தான் உள்ளே எடுக்கும். சோடியம் என்றால் நம் சாப்பாட்டு உப்பில் இருப்பது. இரண்டும் உள்ளே போனால் தண்ணீரும் பின்னாலேயே போகும். இப்படிச் சோடியத்தோடு இணைந்துதான் குளுக்கோஸ் நுழைகிறது என்று 1960-ல் ராபர்ட் கிரேன் என்ற அமெரிக்க விஞ்ஞானி விளக்கினார். காலரா வந்தால் குடல் தண்ணீரை வெளியே கொட்டுகிறது. ஆனால் இந்த இணைப்பு நுழைவை காலரா நஞ்சு கெடுப்பதில்லை. ஆகவே சர்க்கரையும் உப்பும் சரியான அளவில் கலந்த தண்ணீரைக் குடித்தால், வயிற்றுப்போக்கு நிற்காவிட்டாலும் உடலுக்குள் தண்ணீர் போய்க்கொண்டே இருக்கும்.

1971-ல் வங்கதேசப் போரின்போது மேற்கு வங்கத்தின் பன்காவ் அகதி முகாமில் காலரா பரவியது. நரம்பில் ஏற்றும் சலைன் தீர்ந்துபோனது. திலீப் மஹலனபிஸ் என்ற மருத்துவர் குளுக்கோஸ், உப்பு, சோடா உப்பு கலந்த தண்ணீரை டிரம்களில் கரைத்து வைத்து, நோயாளிகளின் உறவினர்கள் கையாலேயே புகட்டச் செய்தார். நூற்றுக்கு 30 பேர்வரை செத்துக்கொண்டிருந்த இடத்தில் இறப்பு நூற்றுக்கு 4-க்கும் கீழே இறங்கியது. இன்று நாம் சாதாரணமாகக் கடையில் வாங்கும் ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டின் வரலாறு அது. பாக்கெட் கிடைக்காத நேரத்தில், காய்ச்சி ஆறவைத்த ஒரு லிட்டர் தண்ணீரில் 6 டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, இரண்டையும் தலைதட்டி அளந்து கரைத்தால் போதும். சர்க்கரையைக் கூட்டிப் போடாதீர்கள். அளவுக்கு மீறிய சர்க்கரை குடலுக்குள் தண்ணீரை இழுத்து வயிற்றுப்போக்கை அதிகமாக்கும். டப்பாவில் அடைத்த இனிப்புப் பானங்கள் இதற்கு ஈடாகாது, உலக சுகாதார நிறுவனத்தின் அளவு என்று அச்சிட்ட பாக்கெட்டையே வாங்குங்கள்.

குடலைத் தாண்டிய குளுக்கோஸ் நேராக உடல் முழுவதும் போவதில்லை. முதலில் ஒரு தனிச் சிரை வழியாகக் கல்லீரலுக்குப் போகிறது. கல்லீரல் அப்போதைக்குத் தேவையில்லாததைச் சேமித்துக்கொண்டு மீதியை ரத்தத்தில் விடுகிறது.

பெருங்குடலில் நம் சோற்றுக்கு அதிக பங்கில்லை. ஆறிய சோற்றில் உடையாமல் தப்பும் கொஞ்சம் மாவுச்சத்தும், காய்கறியின் நார்ச்சத்தும் இங்கே வந்து பாக்டீரியாவுக்கு உணவாகின்றன. குடித்ததும் சுரந்ததுமாக ஒரு நாளில் குடலுக்குள் வரும் சுமார் 9 லிட்டர் நீரில் பெரும்பாலானதைச் சிறுகுடல் முன்பே உறிஞ்சிவிட்டிருக்கும், மிச்சத்தைப் பெருங்குடல் உறிஞ்சுகிறது. மலத்தில் முக்கால் பங்கு தண்ணீர். மீதியில் கணிசமான பகுதி பாக்டீரியா, அதோடு நார், உதிர்ந்த செல்கள். மதியம் தின்ற சோறு அதில் ஏறக்குறைய இல்லை.

காற்றின் பக்கம்

இப்போது மூக்குக்குத் திரும்புவோம். நுரையீரலுக்குத் தானாக விரியும் தசை கிடையாது. மார்புக்கும் வயிற்றுக்கும் நடுவில் குவிந்திருக்கும் உதரவிதானம் சுருங்கித் தட்டையாகும்போது மார்புக்கூட்டின் இடம் பெரிதாகிறது, உள்ளே அழுத்தம் குறைகிறது, வெளிக்காற்று உள்ளே வருகிறது. தசை தளர்ந்தால் காற்று வெளியேறுகிறது. ஓய்வாக இருக்கும்போது ஒரு மூச்சுக்குச் சுமார் 500 மில்லி. அதில் ஏறக்குறைய 150 மில்லி மூக்கிலும் குழாய்களிலுமே தங்கிவிடுகிறது, பயன்படும் இடத்துக்குப் போவதில்லை. மேலோட்டமாக வேகவேகமாக மூச்சு விடுவதால் பலன் குறைவு என்பதற்கு இந்தக் கணக்கே போதும்.

மூச்சுக்குழாய் கிளைகிளையாகப் பிரிந்து கடைசியில் காற்று நுண்ணறைகளில் முடிகிறது. இரண்டு நுரையீரலிலும் சேர்த்து 30 கோடிக்குக் குறையாமல் இருக்கின்றன. ஒவ்வொன்றும் மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு அகலம். காற்றுக்கும் ரத்தத்துக்கும் நடுவில் இருக்கும் சுவர், ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் வரும் ஒரு பங்கைவிட மெல்லியது. குடலில் பார்த்த அதே ஏற்பாடுதான்: மிகப் பெரிய பரப்பு, மிக மெல்லிய சுவர், அதற்குப் பின்னால் ரத்தம்.

இவ்வளவு சிறிய ஈரமான அறைகள் நீரின் இழுவிசையால் சுருங்கி ஒட்டிக்கொள்ள வேண்டும். அப்படி ஆகாமல் தடுப்பது சர்ஃபாக்டன்ட் என்ற வழுவழுப்பான படலம். கருவில் 34, 35 வாரங்களுக்குப் பிறகுதான் அது போதுமான அளவு உருவாகிறது. குறைமாதக் குழந்தைகள் மூச்சுத் திணறி இறந்ததற்கு இதன் பற்றாக்குறையே காரணம் என்று 1959-ல் மேரி எலன் ஏவரி கண்டுபிடித்தார். 1963-ல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, இதே நோயால் இரண்டே நாளுக்குள் இறந்தான். அப்போது அதிபர் வீட்டுப் பிள்ளைக்கும் மருந்து இல்லை. இன்று அரசு மருத்துவமனையிலேயே, பிரசவம் முந்தும் என்று தெரிந்தால் தாய்க்கு நுரையீரல் முதிர்ச்சிக்கான ஊசி போடுகிறார்கள், பிறந்த குழந்தையின் நுரையீரலுக்குள் சர்ஃபாக்டன்டை நேராகச் செலுத்துகிறார்கள்.

காற்றோடு வரும் தூசியும் கிருமியும் மூச்சுக்குழாயின் சளியில் ஒட்டிக்கொள்கின்றன. அங்குள்ள நுண்ணிய இழைகள் ஓயாமல் அசைந்து அந்தச் சளியை மேலே தொண்டைக்குத் தள்ளுகின்றன. நமக்குத் தெரியாமலே அதை விழுங்குகிறோம், இரைப்பையின் அமிலம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்கிறது. நுரையீரலின் குப்பையை வயிறு ஏற்றுக்கொள்கிறது என்று அர்த்தம். குழந்தை சளியை விழுங்கிவிட்டதே என்று பதறும் அம்மாக்களுக்கு இதைச் சொன்னால் கொஞ்சம் நிம்மதி. புகை பிடிப்பவர்களுக்கு இந்த இழைகள் செயலிழந்துபோகின்றன. காலை எழுந்ததும் வரும் அந்த நீண்ட இருமல், இழைகள் செய்யாத வேலையை உடல் வேறு வழியில் செய்யப் பார்ப்பது.

ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறோம், கார்பன் டை ஆக்சைடை வெளியே விடுகிறோம் என்று ஒரே வரியில் படித்திருப்போம். நாம் உள்ளிழுக்கும் காற்றில் ஆக்சிஜன் சுமார் 21 சதவீதம், வெளிவிடும் காற்றில் சுமார் 16 சதவீதம். பெரும்பகுதி பயன்படாமலே திரும்பி வருகிறது. வாயோடு வாய் வைத்து ஊதி ஒருவரைக் காப்பாற்ற முடிவது இந்த 16 சதவீதத்தால்தான். உண்மையான மாற்றம் கார்பன் டை ஆக்சைடில் இருக்கிறது. உள்ளே போகும்போது 0.04 சதவீதம், வெளியே வரும்போது 4 சதவீதம். நூறு மடங்கு. இந்தக் கூடுதல் எங்கிருந்து வந்தது?

இரண்டும் சேரும் இடம்

சோற்றிலிருந்து வந்தது.

நுண்ணறையில் ரத்தத்துக்குள் நுழைந்த ஆக்சிஜனைச் சிவப்பணுவின் ஹீமோகுளோபின் பிடித்துக்கொள்கிறது. குடலிலிருந்து வந்த குளுக்கோஸும் அதே ரத்தத்தில் ஓடுகிறது. இதயம் இரண்டையும் சேர்த்தே காலின் தசைக்கும் மூளைக்கும் அனுப்புகிறது. செல்லுக்குள் குளுக்கோஸ் படிப்படியாக உடைக்கப்பட்டு, மைட்டோகாண்ட்ரியா என்ற நுண்ணுறுப்பில் ஆக்சிஜனோடு வினை முடிகிறது. கிடைக்கும் ஆற்றலில்தான் நடக்கிறோம், யோசிக்கிறோம், உடம்பு சூடாக இருக்கிறது. மிஞ்சுவது கார்பன் டை ஆக்சைடும் தண்ணீரும். 1780-களிலேயே பாரிஸில் லவாய்சியரும் லாப்லாஸும் ஒரு கினிப் பன்றியைப் பனிக்கட்டிக் கூண்டில் வைத்து, அதன் சூட்டில் உருகும் பனியையும் அது விடும் மூச்சையும் அளந்து, சுவாசம் என்பது மெதுவாக நடக்கும் எரிதல் என்று சொல்லிவிட்டார்கள்.

கணக்கைப் போட்டே பார்க்கலாம். 100 கிராம் சோற்றில் மாவுச்சத்து ஏறக்குறைய 28 கிராம், மற்றதில் பெரும்பகுதி தண்ணீர். 28 கிராம் மாவுச்சத்து முழுக்க எரிய, மூச்சில் வந்த ஆக்சிஜன் 33 கிராம் வேண்டும். இரண்டும் சேர்ந்து 61 கிராம். அதில் சுமார் 45 கிராம் கார்பன் டை ஆக்சைடாகவும் மீதி தண்ணீராகவும் மாறுகிறது. சோற்றில் இருந்த கார்பன் அணு ஒவ்வொன்றும் அந்த 45 கிராமுக்குள் இருக்கிறது. ரத்தம் அதைக் கரைத்து நுரையீரலுக்குக் கொண்டுவருகிறது, மூக்கு வழியாக வெளியேறுகிறது. பள்ளி ஆய்வகத்தில் உறிஞ்சுகுழல் வைத்துச் சுண்ணாம்பு நீரில் ஊதியதும் அது பால் நிறமானதே, அன்று காலையில் தின்ற இட்லியின் கார்பனும் அதில் இருந்திருக்கும்.

மூச்சை நடத்துவதும் இந்தக் கார்பன் டை ஆக்சைடுதான். மூச்சை அடக்கினால் சிறிது நேரத்தில் தாங்க முடியாமல் ஆகிறதே, ஆக்சிஜன் தீர்ந்ததால் அல்ல, ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏறியதால். மூளையின் அடித்தண்டு அதைத்தான் முக்கியமாகக் கவனிக்கிறது. கிணற்றில் முங்கு நீச்சல் போட்டி வைக்கும் பிள்ளைகளிடம் இதை அவசியம் சொல்ல வேண்டும். முங்குவதற்கு முன் வேகவேகமாக மூச்சு விட்டால் கார்பன் டை ஆக்சைடு குறைந்துவிடும். ஆக்சிஜன் கையிருப்பு அவ்வளவாகக் கூடாது. நீருக்கடியில் மூச்சு வாங்க வேண்டும் என்ற உந்துதல் வருவதற்கு முன்பே ஆக்சிஜன் தீர்ந்து நினைவு தப்பிவிடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களும் இப்படி இறந்திருக்கிறார்கள்.

உடம்பு இளைக்கும்போது கொழுப்பு எங்கே போகிறது என்ற கேள்விக்கும் பதில் இதுவே. 2014-ல் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த ரூபன் மீர்மன், ஆண்ட்ரூ பிரவுன் இருவரும் கணக்கிட்டு வெளியிட்டார்கள். 10 கிலோ கொழுப்பு கரைந்தால் அந்த எடையில் 8.4 கிலோ கார்பன் டை ஆக்சைடாக மூச்சில் போகிறது, 1.6 கிலோ தண்ணீராகிச் சிறுநீரிலும் வியர்வையிலும் மூச்சிலும் போகிறது. அப்படியானால் உட்கார்ந்த இடத்தில் வேகமாக மூச்சு விட்டே இளைக்கலாமா என்று கேட்பார்கள். முடியாது. செல்லில் எரிந்தது எவ்வளவோ அவ்வளவு கார்பன்தான் வெளியே வர முடியும். சும்மா வேகமாக மூச்சு விட்டால் ரத்தத்தில் இருக்கும் கார்பன் டை ஆக்சைடு அளவுக்கு மீறிக் குறைந்து, விரல் நுனி மரத்து, தலை கிறுகிறுக்கும். மாடிப்படி ஏறும்போது மூச்சு வாங்குவது வேறு. அங்கே கால் தசை கூடுதலாக எரிக்கிறது, அந்தக் கார்பனை வெளியேற்றத்தான் மூச்சு தானாக வேகமெடுக்கிறது.